போட்டோ எடுக்காத கிரகம்

2021-ல் டிஓஐ-1789பி என்றொரு கிரகம் செய்தியில் அடிபட்டது. 'இந்திய விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்று தலைப்பு, பக்கத்தில் ஆரஞ்சு வண்ணத்தில் தகதகவென்று ஓர் உருண்டை. மாகறலில் எனக்குத் தெரிந்த தறிக்காரர் ஒருவர் பேப்பரை மடித்துக்கொண்டு வந்து கேட்டார்: "ஏன் சார், இவ்ளோ தூரத்துல இருக்கறத இவ்ளோ தெளிவா எடுத்திருக்காங்களே, நிலாவுல நட்ட கொடிய எடுக்க முடியாதா?"

நியாயமான கேள்வி. அது போட்டோவே இல்லை, ஓவியம். கீழே 'கற்பனை' என்று நாலு எழுத்து போட்டிருக்கலாம். அந்தக் கிரகத்தை யாரும் பார்த்ததே இல்லை என்பதுதான் விஷயத்தின் ருசி; செய்தி அதையே விழுங்கிவிட்டது. மாகறல் கோயில் கதையில் ராஜா பார்த்தது புற்றுக்குள் நுழைந்த உடும்பைத்தான், தோண்டினால் சுவாமி. இங்கே தோண்டவும் வழியில்லை. வால் மட்டும்தான்.

நட்சத்திரத்தின் குறுக்கே கிரகம் போனால் வெளிச்சம் ஒரு பொட்டு குறையும். சூரியனை வியாழன் மறைத்தால் நூற்றில் ஒரு பங்கு. பூமி மறைத்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தரையிலிருந்து பார்த்தால் காற்று நடுங்கும், மேகம் வரும், சமயம் பார்த்து விடிந்தும் போகும். அதனால் தரையில் விரித்த வலையில் பெரும்பாலும் சிக்குவது, சில நாளில் ஒரு சுற்று முடிக்கிற பெரிய வாயு உருண்டைகள். செலவும் பயப்படுகிற மாதிரி இல்லை. 1999-ல் எச்டி 209458பி குறுக்கே போனதைப் பதிவு செய்தது நாலு அங்குலத் தொலைநோக்கி. அப்புறம் வந்த சூப்பர்வாஸ்ப் குழு கேனன் கேமரா லென்ஸ்களை எட்டெட்டாகக் கட்டி, லா பால்மா தீவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வைத்தே நூற்றுக்கு மேல் பிடித்துவிட்டது.

ஆனால் மங்குவதெல்லாம் கிரகம் இல்லை. ஒன்றையொன்று மறைக்கிற இரட்டை நட்சத்திரங்களும் இதே வேலை செய்யும். (பி.காம். படித்தவனுக்கு இது புரியும். பில் இருக்கிறது என்பதற்காக சரக்கு வந்ததாக அர்த்தமில்லை.) எடை போட்டுப் பார்க்க வேண்டும். கிரகம் இழுக்கிற இழுப்பில் நட்சத்திரம் லேசாக ஆடும். அந்த ஆட்டத்தை அளந்தால் கிரகத்தின் எடை வரும்.

நம்மவர்கள் செய்தது இதைத்தான். மங்கலை முதலில் கவனித்தது நாசாவின் டெஸ் செயற்கைக்கோள். அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் மவுன்ட் அபுவில் 1.2 மீட்டர் தொலைநோக்கியில் 'பாரஸ்' கருவியை மாட்டி ஆட்டத்தை அளந்தார்கள். எடை வியாழனில் 0.7 பங்கு, குறுக்களவோ 1.4 மடங்கு. வகுத்துப் பார்த்தால் அடர்த்தி தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. சூட்டில் உப்பிப்போன வாயுப் பந்து! ஆண்டு 3.2 நாள். பாராட்ட வேண்டிய சமாச்சாரம் இந்தத் தராசு. 'கண்டுபிடிப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டு அதை மறைத்துவிட்டார்கள்.

தராசு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நுங்கம்பாக்கத்திலேயே இருக்கிறது. 1855-ல் அங்கிருந்த மெட்ராஸ் வானாய்வுக்கூடத்தின் கேப்டன் ஜேக்கப், 70 ஒபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் நடையில் ஒரு கோணல் பார்த்தார். பக்கத்தில் கிரகம் இருக்க வாய்ப்பு அதிகம் என்று எழுதினார். கணக்கு பின்னால் நிற்கவில்லை, கிரகமும் இல்லை. ஆனாலும் அவர் 'வாய்ப்பு' என்றுதான் எழுதினார். படம் எதுவும் வரையவில்லை.