பாக்குத் தோப்பில் ஷேக்ஸ்பியர்

கிராமியக் கலையை வளர்க்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் என்ன செய்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? கரகாட்டக் கோஷ்டியை பஸ்ஸில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவந்து, வெயிலில் நிறுத்தி, மந்திரி காரைவிட்டு இறங்கும்போது ஆடச் சொல்கிறார்கள். அப்புறம் ஒரு சால்வை, ஒரு பொட்டலம் தயிர்சாதம். மறுபடி பஸ்.

இதற்கு நேர் எதிரான காரியம் ஒன்று கர்நாடகத்தில் நடந்தது. ஷிமோகா மாவட்டத்தில், சாகர் பக்கத்தில், ஹெக்கோடு என்று சின்ன ஊர். மழை; மழை விட்டால் பாக்குத் தோப்பு. 1949-ல் அங்கே ஒரு நாடக சங்கம் ஆரம்பித்தார்கள். நீலகண்டேஸ்வர நாட்டிய சேவா சங்கம், சுருக்கமாக 'நீநாசம்'. இந்த மாதிரி சங்கங்கள் நம்மூரிலும் பொங்கலுக்குப் பொங்கல் முளைத்து, வசூல் தகராறில் மண்டை உடைந்து முடிவது வழக்கம். அது அப்படி முடியாததற்கு முக்கியக் காரணம் கே.வி. சுப்பண்ணா. சங்கம் ஆரம்பித்தபோது அவருக்கு 17 வயசு.

'உங்க கலையை அப்படியே வெச்சிருங்க, நாங்க வந்து போட்டோ எடுத்துக்கறோம்' என்பது நகரத்துப் பாசம். பாக்கு விவசாயியும் எழுத்தாளருமான சுப்பண்ணாவுக்கு அந்தப் பாசம் இல்லை. ஷேக்ஸ்பியரையும் பிரெக்டையும் கன்னடத்தில் ஊருக்கு வரவழைத்தார். தோப்பு வேலை முடித்து வந்தவர்களே சாயங்காலம் நடித்தார்கள். 1973-ல் ஃபிலிம் சொஸைட்டி. குரோசாவா படத்தைப் பார்க்க டிகிரி வேண்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

நாடகப் பள்ளி எப்போது வந்தது தெரியுமா? 1980-ல். சங்கத்துக்கும் பள்ளிக்கும் நடுவே 31 வருஷம்! நாம் முதலில் கட்டடம் கட்டி, ரிப்பன் வெட்டி, அப்புறம்தான் ஆள் தேடுவோம். அங்கே முதலில் தயாரானது பார்வையாளன். 1985-ல் 'திருகாட்ட' என்ற ஊர்சுற்றும் நாடகக்குழு வேறு. செட், விளக்கு, நடிகர்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி, கர்நாடகம் பூராவும் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டார்கள். சுப்பண்ணாவுக்கு 1991-ல் மக்ஸாஸே விருது. 2005-ல் காலமானார், சங்கம் நிற்கவில்லை.

பள்ளியில் படித்தவர்கள் சினிமாவுக்குப் போய்விடுகிறார்கள் என்று ஒரு முணுமுணுப்பு உண்டு. போகட்டுமே. கன்னடத்தில் ஒரு கதாநாயகன் பெயரே 'நீநாசம்' சதீஷ். இனிஷியல் இடத்தில் நாடகப் பள்ளி! நம் நடிகர்களில் யாருக்காவது அப்படி வைத்துக்கொள்ள ஒரு பள்ளி இருக்கிறதா, யோசித்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.