தொலைநாடி

அருங்காட்சியகங்களில் 'தொடாதீர்' என்னும் பலகையைக் கண்டு பழகியவர்கள் நாம். இன்றோ, தொட்டால்தான் இயங்கும் படைப்புகள் அங்கே இடம் பிடித்துவிட்டன. அவற்றுட் பல, விரல் பட்டதும் படம் மாறும் வேடிக்கைகளே. அவ்வரிசையில் சேர்க்கத் தகாத ஒன்று, மெக்சிகோவில் பிறந்து கனடாவில் வாழும் ரஃபேல் லொசானோ-ஹெம்மரின் 'ரிமோட் பல்ஸ்'. தொலைநாடி எனலாம்.

இணையத்தால் பிணைக்கப்பட்ட, ஒரே வடிவான இரு மேடைகள். ஒருவர் தம் கைகளைத் தகடுகளின்மீது வைத்தால், அவருடைய இதயத் துடிப்பு மறு மேடையில் கைவைத்திருப்பவருக்கு அதிர்வாகச் சென்று சேரும். அவருடையது இவருக்கு வரும். அவ்வளவே.

இது முதன்முதல் வைக்கப்பட்ட இடம் நோக்கற்பாலது. அமெரிக்காவின் எல் பாசோவையும் மெக்சிகோவின் ஹுவாரசையும் ஒரு நதியும் வேலியும் பிரிக்கின்றன. அந்நதி தடம் மாறியதால் எழுந்த நிலத்தகராறு 1963ஆம் ஆண்டு உடன்படிக்கையில்தான் தீர்ந்தது. 2019 ஆகஸ்டு 3ஆம் நாள் எல் பாசோவின் கடையொன்றில் மெக்சிகோ வழியினரைக் குறிவைத்துச் சுட்டதில், பின்னர் இறந்தவரோடு சேர்த்து 23 பேர் மாண்டனர். அதே ஆண்டு நவம்பரில் 'பார்டர் டியூனர்' என்னும் பெருங்காட்சியின் ஒரு பகுதியாக இம்மேடைகள் அமைந்தன. அக்காட்சியில் இரு கரைகளிலிருந்தும் பாய்ந்த ஒளிக்கற்றைகள் வானில் சந்தித்தபோது குரல்கள் எல்லை கடந்தன. ஊரார் அண்ணாந்து பார்த்தது அதனைத்தான். நாம் இச்சிறு தகட்டையே மேலாகக் கருதுகிறோம்.

குரலுக்கு மொழியுண்டு, பேசுபவர் எவ்வினத்தார் என்பதை உச்சரிப்பே காட்டிவிடும். 1980இல் நியூயார்க்கையும் லாஸ் ஏஞ்சல்சையும் செயற்கைக்கோளால் இணைத்த 'ஹோல் இன் ஸ்பேஸ்' முகத்தையும் குரலையும் சேர்த்தே தந்தது. நாடியோ பெயர் சொல்லாது. முகமன் கூறவும் அறியாது.

எனினும் இதனைத் 'தொடுதல்' என்று புகழ்வோரோடு நாம் உடன்படுவதற்கில்லை. முஸாபஹா என்னும் அரபுச் சொல்லின் வேர், உள்ளங்கையின் தட்டையான பரப்பைக் குறிப்பது. பரப்போடு பரப்புச் சேர்வதே அதன் பொருள். (பிழை பொறுத்தலும் அவ்வேரிலேயே பிறந்தது.) கைகொடுக்கும்போது நாம் அழுத்தினால் மறு கரமும் அழுத்தும், அல்லது தளரும். அதில் ஒரு விடையுண்டு. இத்தகட்டை எவ்வளவு அழுத்தினாலும் அழுத்தம் அக்கரை சேராது. கையின் வெம்மையும் வாராது. கரத்தின்வழி வந்த செய்தி இது, கரமன்று.

எல்லையை இது அழித்துவிட்டது என்பதும் மிகையே. அனுமதிச் சீட்டுடையோர் பாலத்தைக் கடந்து போய்வருகின்றனர். அஃதில்லாதவரின் துடிப்பு கணப்பொழுதில் கடந்துவிடுகிறது, துடிப்புக்குரியவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். இக்குறையை அலங்காரத்தால் மறைக்காமல் விட்டதற்காகவே லொசானோ-ஹெம்மரைப் பாராட்டுகிறோம். ஒருவர் கையை எடுத்தால் மறுகரைத் தகடு ஓய்ந்துவிடும். அவர் போய்விட்டாரா, சற்றே இளைப்பாறுகிறாரா என்று இங்கிருப்பவர் அறிய வழியில்லை. கையை எடுக்காமல் நிற்கலாம்.