கண்ணாடி மாளிகையும் ஹைதரின் தோட்டமும்

பெங்களூர் லால்பாகிலுள்ள கண்ணாடி மாளிகையைக் காணச் செல்லும் நம்மவர்களிடம் இருவகை மயக்கங்களைக் காண்கிறோம். ஒரு சாரார் அதனை இலண்டன் படிக மாளிகையின் நகல் என்று கூறிக் கடந்துவிடுகின்றனர். மற்றொரு சாரார், தோட்டத்தை 1760இல் தொடங்கியவர் ஹைதர் அலீ என்பதால், மாளிகையையும் திப்பு சுல்தானின் கணக்கிலேயே எழுதிவிடுகின்றனர். திப்பு ஷஹீதானது 1799இல். இளவரசர் ஆல்பர்ட் விக்டர் இம்மாளிகைக்கு அடிக்கல் நாட்டியதோ 1889 நவம்பர் 30இல். இல்லாத பெருமையைச் சேர்த்துக்கொண்டால் உள்ள பெருமையும் ஐயத்திற்கு இடமாகிறது.

நகல் என்பதும் முழு உண்மையன்று. ஐரோப்பியக் கண்ணாடி வீடுகள் வெப்பநாட்டுச் செடிகளைப் பனியிலிருந்து காப்பதற்காக இறுக மூடப்பட்டவை. பெங்களூரின் தட்பவெப்பத்தில் அத்தேவை இல்லை. இங்கே கண்ணாடி வெப்பத்தைச் சிறைப்பிடிக்க வந்ததன்று. ஒளியைப் பரப்ப வந்தது. கண்காட்சி இல்லாத ஒரு காலைப்பொழுதில் நாம் சென்றிருந்தோம். மெலிந்த இரும்புத் தூண்களின் வரிசையும் கூரையினின்று வடிந்த வெளிச்சமுமே கண்ணை நிறைத்தன. மாளிகையின் அழகு அந்த வெறுமையில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி நடைபெறும் மலர்க் கண்காட்சிகள் இவ்வழகை மறைத்துவிடுகின்றன. நடுவே கட்டடங்களின் உருவங்களைச் சட்டமிட்டு, பல்லாயிரம் மலர்களைப் பறித்து ஒட்டுகிறார்கள். கூட்டம் மகிழ்கிறது, மறுக்கவில்லை. ஆனால் செடியைக் காட்டக் கட்டிய மண்டபத்தில் செடி எங்கே?

இரும்பை வார்த்தது கிளாஸ்கோ நகரின் மக்ஃபர்லேன் நிறுவனம். அதன் ஆலைக்குப் பெயர் ‘சாரசன்’. சிலுவைப்போர்க் கால ஐரோப்பா முஸ்லிம்களை அழைத்த பெயர் அது. எனினும் ஆலைக்கு அப்பெயர் வந்தது, அது தொடங்கப்பட்ட சந்தின் பெயரால்தான். இதை வைத்தும் யாரேனும் ஒரு வரலாறு புனைந்துவிட வேண்டாம்!

புனைவுக்குத் தேவையே இல்லை. மைசூர் திவான் சர் மிர்ஸா இஸ்மாயில் காலத்தில், 1935இல், பத்ராவதி இரும்பைக் கொண்டு மாளிகையின் கிழக்குப் பகுதி விரிவாக்கப்பட்டது. இதை எடுத்துரைப்பார் நம்மில் அரிது.

1800இல் பெங்களூர் வந்த பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், சுல்தானின் தோட்டங்களைக் கண்டு எழுதிவைத்தார். சைப்ரஸ் மரங்கள் அணிவகுத்த நடைபாதைகள், அவற்றால் பிரிக்கப்பட்ட சதுரப் பாத்திகள், ஒவ்வொரு பாத்திக்கும் ஒரே இனச் செடி. பாரசீகத் தோட்டக்கலையின் இலக்கணம் அது. அச்சதுரங்களை விளக்கும் ஒரு வரைபடத்தை மாளிகையைச் சுற்றி நாம் நடந்த வழியெங்கும் தேடினோம். காணவில்லை.