மெக்காயின் கணக்கும் ஹீட் பம்ப்பின் கரண்ட் பில்லும்

டேவிட் மெக்காய் எழுதிய 'சஸ்டைனபிள் எனர்ஜி – வித்தவுட் தி ஹாட் ஏர்' 2008-இல் வந்த புத்தகம். ஆற்றல் பற்றி யாராவது என்னிடம் ஒரே ஒரு புத்தகம் கேட்டால் இன்னமும் இதைத்தான் சொல்வேன். மெக்காய் கேம்பிரிட்ஜில் இயற்பியல் பேராசிரியர். புத்தகத்தை இணையத்தில் இலவசமாகவே போட்டுவிட்டார். அடுத்த வருடமே பிரிட்டன் அரசின் எரிசக்தித் துறைக்குத் தலைமை அறிவியல் ஆலோசகர் ஆனார், 2014 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 2016-இல், 48 வயதிலேயே இறந்துபோனார்.

புத்தகத்தின் முறை எளிமையானது. பெயரடைகள் வேண்டாம், எண்களைக் காட்டு. 'பெரிய சேமிப்பு', 'கணிசமான பங்கு' என்று யார் சொன்னாலும், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிலோவாட் மணி என்று கேட்பார். நம்ம கரண்ட் பில்லில் 'யூனிட்' என்று வருகிறதே, அதேதான். கார், விமானம், சாப்பாடு, காற்றாலை எல்லாவற்றையும் இந்த ஒரே படியால் அளந்துவிடுகிறார்.

இந்தப் பதிவில் நான் எடுத்துக்கொள்வது ஒரு பகுதியை மட்டும்: வீட்டைச் சூடாக்க ஹீட் பம்ப்தான் சரி என்று அவர் வாதிடும் பகுதி. வாதம் சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டு ஹீட் பம்ப் வாங்கிய ஒருவர் அதிக பில் வந்து திகைத்துப்போகவும் வாய்ப்பு இருக்கிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில், சரக்கு என்ன?

ஹீட் பம்ப் என்றால் புதிதாக ஏதோ என்று நினைக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் ஏசி ஒரு ஹீட் பம்ப்தான். அறைக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. வெளி யூனிட்டுக்குப் பக்கத்தில் நின்றால் முகத்தில் அடிக்கும் அந்த அனல், உள்ளே இருந்து வந்த வெப்பம்தான். இதையே திருப்பிப் போட்டால், குளிர்காலத்தில் வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் கொட்டும். வெளியே 0 டிகிரி இருந்தாலும் காற்றில் எடுக்க வெப்பம் உண்டு. அதைவிடக் குளிர்ந்த ஒரு திரவத்தை அங்கே ஓடவிட்டால் வெப்பம் தானாகவே அதற்குள் வந்துவிடும்.

இதில் மின்சாரம் சுமை தூக்கும் கூலி மாதிரி. ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்தால் மூன்று யூனிட் வெப்பம் வீட்டுக்குள் வரும், சில சமயம் நாலு கூட. இந்த விகிதத்தைத்தான் சிஓபி என்கிறார்கள். சாதாரண மின் ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான்.

யோசனையும் பழசு. ஒரே இயந்திரத்தால் கட்டடத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் முடியும் என்று 1852-லேயே வில்லியம் தாம்சன், அதாவது பிற்கால கெல்வின் பிரபு, எழுதிவிட்டார். சூரிச் நகர மன்றக் கட்டடத்தில் 1938-இல் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் வைத்தார்கள். 2001-இல்தான் அதை மாற்றினார்கள்.

மெக்காயின் வாதம்

பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் எரிவாயு பாய்லர்தான். அது தண்ணீரைச் சூடாக்கி, சுவரோரம் இருக்கும் ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். நல்ல பாய்லர் என்றால் 100 யூனிட் எரிவாயுவில் 90 யூனிட் வெப்பம் கிடைக்கும். இதைவிட என்ன வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அதே 100 யூனிட் எரிவாயுவை ஒரு நவீன மின் நிலையத்தில் எரித்துப் பாருங்கள். ஏறக்குறைய 50 யூனிட் மின்சாரம் வரும். கம்பியில் கொஞ்சம் போனாலும் 46 வீட்டுக்கு வந்துசேரும். சிஓபி 3 என்றால் 138 யூனிட் வெப்பம். பாய்லரில் 90, இதில் 138! பாதியை மின் நிலையத்திலேயே இழந்த பிறகும் இப்படி. நாளைக்கு அந்த மின்சாரம் காற்றாலையிலிருந்து வந்தால் எரிவாயுவே தேவையில்லை. பாய்லருக்கு அப்படி ஒரு நாளை கிடையாது.

இதே கணக்கை வைத்து அவர் இன்னொரு நம்பிக்கையையும் உடைக்கிறார். மின் நிலையத்தில் வீணாகும் வெப்பத்தைக் குழாய் போட்டு வீடுகளுக்கு அனுப்பினால் அதுதான் சிக்கனம் என்று பலர் அப்போது சொல்லிக்கொண்டிருந்தார்கள். மின்சாரத்தைத் தனியாக நல்ல முறையில் தயாரித்து, வெப்பத்துக்கு ஹீட் பம்ப் வைப்பது அதைவிட மேல் என்று வரைபடம் போட்டுக் காட்டினார். நண்பர்களே கோபித்துக்கொள்ளக்கூடிய ஒரு முடிவை, எண் சொல்கிறது என்பதற்காகச் சொன்னார். இந்த நேர்மைதான் புத்தகத்தின் பலம்.

அப்படியானால் குறை எங்கே? அவருடைய அந்த ஒரே படியில். ஆளுக்கு நாளுக்கு இத்தனை யூனிட் என்பது வருடச் சராசரி. ஹீட் பம்ப் விஷயத்தில் லாபமா நட்டமா என்பதைத் தீர்மானிக்கும் மூன்று விஷயங்கள் இந்தப் படிக்குள் விழுவதில்லை.

ஒன்று: ரேடியேட்டர் தண்ணீரின் சூடு

சிஓபி என்பது இயந்திரத்தின் பெட்டியில் அச்சடித்து வரும் குணம் இல்லை. எந்தச் சூட்டிலிருந்து எந்தச் சூட்டுக்கு ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. வெளியே 0 டிகிரி, ரேடியேட்டர் தண்ணீர் 35 டிகிரி என்றால் இயற்பியல் அனுமதிக்கும் உச்ச சிஓபி 8.8. அதே தண்ணீர் 55 டிகிரி வேண்டும் என்றால் உச்சமே 6-க்குக் கீழே. உண்மையான இயந்திரம் இதில் பாதியை எட்டும் என்று வைத்துக்கொண்டால், முதல் வீட்டில் 4-க்கு மேல், இரண்டாவது வீட்டில் 3. இயந்திரம் ஒன்றுதான், வீடுதான் வேறு.

மெக்காய்க்கு இது தெரியாததல்ல. வெப்பநிலை வித்தியாசம் கூடக்கூட சிஓபி எப்படி இறங்குகிறது என்று பின்னிணைப்பில் காட்டியிருக்கிறார். ஆனால் முக்கிய வாதத்துக்கு வரும்போது அது 3 அல்லது 4 என்று ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. பழைய பாய்லர் 70 டிகிரி தண்ணீர் அனுப்பியதால் சின்ன ரேடியேட்டர் போதுமாக இருந்தது. தண்ணீரின் சூட்டைக் குறைத்தால் ரேடியேட்டரைப் பெரிதாக்க வேண்டும், சுவரிலும் கூரையிலும் வெப்பம் கசியாமல் அடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் பாய்லரைக் கழற்றிய இடத்தில் ஹீட் பம்ப்பை மட்டும் மாட்டினால், அது 55 டிகிரியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும்.

இது வெறும் ஊகம் இல்லை. பிரிட்டனில் 80-க்கு மேற்பட்ட வீடுகளில் எடுத்த முதல் பெரிய அளவீடு 2010-இல் வெளியானது. பெரும்பாலான வீடுகள் 3-ஐ எட்டவில்லை. மெக்காய் ஆலோசகராக இருந்த அதே துறை, ஏன் இப்படி என்று மறுபடி ஆராய்ந்தது. அளவு தப்பாகத் தேர்ந்தெடுத்தது, தண்ணீரைத் தேவைக்கு மேல் சூடாக்கியது, கட்டுப்பாட்டுக் கருவியைச் சரியாக அமைக்காதது என்று காரணங்கள் வந்தன. 2020-க்குப் பிறகு 742 வீடுகளில் செய்த இன்னொரு சோதனையில் நடு மதிப்பு 2.8 அளவில் வந்தது. முன்னேற்றம்தான். ஆனால் 4 இன்னும் தூரம்.

இரண்டு: விலை

தன் புத்தகம் பணத்தைப் பற்றியது அல்ல, இயற்பியல் எல்லைகளைப் பற்றியது என்று மெக்காய் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். அது அவர் உரிமை. ஆனால் வீட்டுக்காரர் பில்லைக் கட்டுவது பவுண்டில்.

பிரிட்டனில் 2024 கடைசி மூன்று மாதங்களுக்கான விலை உச்சவரம்பை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் யூனிட்டுக்கு 24.5 பென்ஸ், எரிவாயு 6.24 பென்ஸ். ஏறக்குறைய நாலு மடங்கு. ஒரு வீட்டுக்கு வருடத்துக்கு 10,000 யூனிட் வெப்பம் தேவை என்று வையுங்கள். 90 சதவீத பாய்லரில் செலவு சுமார் 693 பவுண்டு. ஹீட் பம்ப் 2.8-இல் ஓடினால் 875 பவுண்டு. 3.5-இல் ஓடினால் 700. 4-ஐத் தொட்டால் 612. எரிவாயு இணைப்பையே துண்டித்துவிட்டால் அதற்கான நிலையான கட்டணம் நாளுக்கு 31.66 பென்ஸ், அதாவது வருடத்துக்கு 115 பவுண்டு மிச்சமாகும். அதையும் கழித்தால் கூட 2.8-இல் ஓடும் வீட்டுக்கு 760 ஆகிறது. பாய்லரைவிட அதிகம்தான்.

பூமிக்கு நல்லது, பாக்கெட்டுக்கு நட்டம். இப்படி ஆனதில் இயந்திரத்தின் தப்பு எதுவும் இல்லை. பிரிட்டனில் பசுமைத் திட்டங்களுக்கான கட்டணங்களைப் பெரும்பாலும் மின்சார பில்லில் ஏற்றி, எரிவாயு பில்லில் கொஞ்சமாக வைத்திருந்தார்கள். காற்றாலை நிறைய ஓடும் நாளிலும் மொத்தச் சந்தையில் மின்சாரத்தின் விலையைப் பல நேரம் எரிவாயு நிலையம்தான் தீர்மானிக்கிறது. கார்பனைக் குறைக்கும் கருவிக்கு அதிகச் சுமை, கார்பனை வெளியிடும் கருவிக்கு சலுகை. ரொம்ப விநோதமான ஏற்பாடு இது.

நார்வே, ஸ்வீடன், பின்லாந்தில் ஹீட் பம்ப் சாதாரண விஷயம். பிரிட்டனைவிடக் கடுங்குளிர் நாடுகள் அவை. 'குளிர் ஊரில் வேலை செய்யாது' என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அவர்கள் எண்ணெய்க் கொதிகலனிலிருந்து விலகத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வீடு மலிவான எரிவாயுக் குழாய் அங்கே இல்லை. ஸ்வீடன் 1991-லேயே கார்பன் வரி போட்டது. இயற்பியல் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான், வித்தியாசம் விலையில் இருந்தது.

மூன்று: மிகக் குளிரான அந்த ஒரு சாயங்காலம்

வீட்டுச் சூட்டுக்கான தேவை வருடம் முழுக்கச் சமமாக இருப்பதில்லை. ஜனவரியில் மைனஸ் 5 டிகிரி போகும் ஒரு சாயங்காலம் எல்லா வீட்டிலும் தேவை உச்சத்தில் இருக்கும். அதே நேரம் சிஓபி அடிமட்டத்தில் இருக்கும். வெளி யூனிட்டில் படியும் பனியை உருக்கவும் கொஞ்சம் ஆற்றல் போகும். அந்த நேரத்துக்கு மின் நிலையமும் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் தாங்க வேண்டும். பிரிட்டனில் அந்த மாதிரி நாளில் எரிவாயுக் குழாய்கள் சுமக்கும் ஆற்றல், மின்கம்பிகள் சுமப்பதைவிடப் பல மடங்கு.

ஏற்ற இறக்கத்துக்கு மெக்காய் ஒரு அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் அங்கே அவருடைய முக்கியக் கவலை காற்று நின்றுபோனால் என்ன செய்வது என்பது. குளிர் ஏறும்போது தேவையும் திறனும் எதிரெதிர்த் திசையில் போவது சராசரிக்குள் காணாமல் போகிறது. இதற்கும் மருந்து முதல் குறையில் சொன்னதேதான்: வெப்பம் கசியாத வீடு மெதுவாகத்தான் ஆறும், உச்ச நேரத்தில் பம்ப்பைச் சற்று நேரம் நிறுத்திவைத்தாலும் தெரியாது.

குளிர்விப்பது பற்றி

'ஒரே மெஷின், குளிர்காலத்தில் ஹீட்டர், வெயில் காலத்தில் ஏசி' என்று விற்கிறார்கள். நம்ம ஊர் ஏசி மாதிரி காற்றை நேரடியாக ஊதும் வகைக்கு இது உண்மை. பிரிட்டன் வீடுகளில் அதிகம் பொருத்துவது தண்ணீர் வழியாக ரேடியேட்டருக்குப் போகும் வகை. அதில் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டால் ரேடியேட்டர் மேல் நீர் கோத்துத் தரையில் சொட்டும், அறையும் பெரிதாகக் குளிராது. விசிறி வைத்த தனி யூனிட் வேண்டும். பிரிட்டனில் 2022 ஜூலையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிய பிறகு இந்தக் கேள்வி சின்ன விஷயமாக இல்லை.

இந்த இடத்தில் மெக்காயிடம் ஒரு அருமையான யோசனை இருக்கிறது. நெருக்கமான நகரத்தில் எல்லோரும் மண்ணுக்கடியிலிருந்து வெப்பம் எடுத்தால், குளிர்காலம் முடிவதற்குள் மண் உறைந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். கோடையில் திரும்பவும் அங்கே வெப்பத்தைச் செலுத்தினால் சரியாகிவிடும் என்கிறார். வீட்டைக் குளிர்விக்கும் வேலையே அடுத்த குளிர்காலத்துக்கான சேமிப்பாகிறது.

அவர் தொடாத ஒன்று குளிர்பதன வாயு. ஆர்-410ஏ என்ற வாயு கசிந்தால், கார்பன் டை ஆக்சைடைவிட எடைக்கு எடை 2,000 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். ஒரு யூனிட்டில் உள்ள 2 கிலோ முழுக்க வெளியேறினால், எரிவாயு பாய்லர் உள்ள ஒரு வீடு ஏறக்குறைய இரண்டு வருடம் வெளியிடும் அளவுக்குச் சமம். இது ஹீட் பம்ப் வேண்டாம் என்பதற்கான காரணம் ஆகாது. புரோப்பேன் நிரப்பிய மாடல் கேளுங்கள் என்பதற்கான காரணம். அதில் இந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லவே இல்லை, தீப்பிடிக்கும் வாயு என்பதால் பொருத்தும் இடத்தில்தான் கவனம் தேவை.

அப்போ என்ன செய்யலாம்?

புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியில் ஹீட் பம்ப்பே இல்லை. மெக்காய் தன் வீட்டு எரிவாயு மீட்டரைத் தானே தொடர்ந்து படித்து, தெர்மோஸ்டாட்டைக் குறைத்து, காற்று நுழையும் சந்துகளை அடைத்து, நல்ல பாய்லரும் மாற்றி, நாளுக்கு 40 யூனிட் அளவில் இருந்ததை 13-க்குக் கொண்டுவந்தார். சராசரிகளை எழுதிய அதே மனிதர் தன் வீட்டுக்கு என்று வரும்போது நேராக மீட்டருக்குப் போனார்.

லண்டனிலோ கிளாஸ்கோவிலோ பாய்லரை மாற்றலாமா என்று யோசிக்கும் ஒருவர் இந்தப் புத்தகத்தை அவசியம் படிக்கட்டும். திசை சரியானது. பிறகு பொருத்த வருபவரிடம் மூன்றைக் கேட்கட்டும். மிகக் குளிரான நாளில் ரேடியேட்டர் தண்ணீர் எத்தனை டிகிரிக்கு அமைப்பீர்கள்? ஒவ்வொரு அறைக்கும் எவ்வளவு வெப்பம் தேவை என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டீர்களா? என் மின்கட்டணத்தில் லாபம் வர சிஓபி எவ்வளவு இருக்க வேண்டும்? முதல் கேள்விக்கு 45-க்குக் கீழே ஒரு எண் வந்தால் மேலே பேசலாம். 'அதெல்லாம் செட் பண்ணிக்கலாம் சார்' என்கிற மாதிரி பதில் வந்தால், வேறு ஆளைப் பாருங்கள்.