பெரிய கோயிலில் ஐம்பது அடி தள்ளி

பொங்கல் விடுமுறையிலும் மே மாதத்திலும் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். வாசலில் வேன்கள் வரிசைகட்டி நிற்கும். ஐஸ்கிரீம் வண்டி, தலையாட்டி பொம்மை, பலூன், ஊதல் சத்தம், கையை விட்டு ஓடிய பிள்ளையைக் கூப்பிடும் அம்மா. தீம் பார்க்கில் ராட்டினத்துக்கு நிற்கும் அதே நெரிசல் இங்கும் உண்டு. கேரளாந்தகன் திருவாயில், ராஜராஜன் திருவாயில், நந்திக்கு முன்னால் ஒரு படம், பெருவுடையாருக்கு ஒரு கும்பிடு. அதற்குள் "சீக்கிரம் வாங்க, இன்னும் கல்லணை இருக்கு, தாராசுரம் இருக்கு" என்று யாராவது விரட்டத் தொடங்கிவிடுவார்கள்.

இந்தக் கூட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஊரே திரள வேண்டும் என்றுதானே கோயில் எழுப்புகிறார்கள்! ஏறக்குறைய எண்ணூறு அடி நீளமும் நானூறு அடி அகலமும் கொண்ட திருச்சுற்று இது. எத்தனை பேர் வந்தாலும் தாங்கும். ஆனால் வருகிற கூட்டம் பெரும்பாலும் ஒரே கோட்டில்தான் நகர்கிறது. அந்தக் கோட்டிலிருந்து ஐம்பது அடி தள்ளி நின்றால் போதும், அதே கோயிலில், அதே நேரத்தில், வேறொரு கோயில் கிடைக்கும்.

முதலில் விமானத்தின் தென்பக்கம் வாருங்கள். எல்லோருடைய கண்ணும் இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் சிகரத்தைத் தேடி மேலே போகும். நீங்கள் கண்ணைத் தாழ்த்துங்கள். சுவரைத் தாங்கும் அதிட்டானத்தில் யாளிகளின் வரிசை ஒன்று ஓடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கரை. நெருங்கினால் பிடரியின் சுருளும், விழித்த கண்ணும், பாயத் தயாராகும் உடலும் துலங்கும். தஞ்சையைச் சுற்றிக் கருங்கல் மலை கிடையாது. இங்குள்ள கருங்கல் அத்தனையும் வெளியிலிருந்து வந்தது. அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த கல்லில், அண்ணாந்து பார்ப்பவர் கவனிக்காமல் போகும் இடத்திலும் சிற்பியின் உளி சோம்பவில்லை. ஒரு யாளியிலிருந்து அடுத்ததற்கு நிதானமாக நகர்ந்து பாருங்கள். மூன்றாவது யாளிக்கு வரும்போது ஊதல் சத்தம் காதில் விழுவது நின்றிருக்கும்.

அதே அதிட்டானத்தில் எழுத்துகள் இருக்கின்றன. பதினோராம் நூற்றாண்டுத் தமிழ். முதலில் ஒன்றும் பிடிபடாது. பிறகு ஒரு 'ப' தெரியும், ஒரு 'ட' தெரியும், அதைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஒரு சொல் எழுந்து வரும். 1010-ஆம் ஆண்டில், தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில், ராஜராஜன் விமானத்துக்குச் செப்புக் கலசம் கொடுத்த செய்தி இந்தக் கோயிலின் கல்வெட்டில்தான் இருக்கிறது. என்னைக் கட்டிப்போடுவது அதைவிடச் சிறிய செய்திகள். பல ஊர்க் கோயில்களிலிருந்து வந்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய மகளிரின், பெயர்களை ஒவ்வொன்றாக வெட்டியிருக்கிறார்கள். யார் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்று முகவரியோடு. ஒருவருக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்த ஊரில் யார் எங்கே குடியிருந்தார் என்பது, வேன் ஹாரன் அடிக்கும் தூரத்தில், கல்லில் கிடக்கிறது. விரல் படாமல் கண்ணால் மட்டும் தடவிப் படியுங்கள். கை எண்ணெய் கல்லுக்கு ஆகாது.

நம் கண்ணுக்கு எட்டாத இடத்திலும் இதே அக்கறை உண்டு. கருவறைக்கு மேல்தளத்து உட்சுற்றில் சிவன் ஆடும் கரணங்களை வரிசையாகச் செதுக்கினார்கள். 108 கரணங்களில் 81 முடிந்தன. மீதிக்கான கற்கள் வெறுமையாகவே இருக்கின்றன. கீழ்த்தளத்து உட்சுற்றில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்து சொன்னார். பொதுமக்கள் அங்கெல்லாம் போக முடியாது. ஆனாலும் வெளிச்சுவரின் முன் நிற்கும்போது, இந்தக் கல்லுக்கு அப்பால் இருட்டில் ஒரு நடனம் நிற்கிறது என்று அறிந்து நிற்பதே ஒரு நிறைவு.

கால் வலித்தால் திருச்சுற்று மாளிகைக்குப் போகலாம். ராஜராஜனின் சேனாபதி கிருஷ்ணன் ராமன் எடுப்பித்தது. தூண் நிழலில் தரை குளிர்ந்திருக்கும். அங்கே சற்று உட்கார்ந்துவிட்டு வடமேற்கு மூலையிலுள்ள முருகன் சந்நிதிக்கு நடந்தால் நயம் அறியும் கண்ணுக்கு நல்ல பயிற்சி. அது நாயக்கர் காலக் கட்டடம். சோழச் சிற்பி சுவரில் வெற்றிடம் விடத் தெரிந்தவன். ஒரு சிலைக்கும் அடுத்ததற்கும் இடையே மூச்சுவிட இடம் இருக்கும். நாயக்கர் காலத்துச் சிற்பியோ ஓர் அங்குலத்தையும் விடாமல் கொடியும் மணியும் மடிப்புமாக இழைத்து நிரப்பினான். எது உயர்ந்தது என்ற வழக்கு வேண்டாம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வாய்ப்பது தஞ்சைக்கு வந்தவரின் பேறு.

பெரிய கோயிலை விட்டுத் தாராசுரம் போனால் அளவே மாறிவிடுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார்களின் கதைகளைச் சிறு சிறு சிற்பங்களாகப் பார்க்கலாம். சில உள்ளங்கைக்குள் அடங்கும். காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம் இங்கே பேர்போனது. அதன் முன் ஒரு சிறுவன், "அப்பாயி, இது மாடா, யானையா?" என்று கேட்டான். "ஒரு பக்கத்த கையால மறைச்சுப் பாருடா தம்பி" என்றார் பாட்டி. அவன் மறைத்தான், எடுத்தான், மறுபடி மறைத்தான். கூட வந்தவர்கள் வேனுக்குப் போய்விட்டார்கள். பாட்டி அவசரப்படுத்தவே இல்லை. ரசனையை அதைவிட நன்றாக யாரும் கற்றுக்கொடுத்துவிட முடியாது.

இந்த நுணுக்கத்துக்கெல்லாம் சோறு போட்டது காவிரி. பெரிய கோயிலை ஒட்டியே கல்லணைக் கால்வாய் ஓடுகிறது. ஊரார் புது ஆறு என்பார்கள். மேட்டூர் அணை கட்டி முடித்த 1930-களில் வெட்டியது. முறைப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால், கல்லணை வழியாகத் தண்ணீர் இங்கே வந்து சேரும். மே மாதம் வருபவர்கள் தண்ணீரில்லாத ஆற்றைத்தான் பார்ப்பார்கள். தண்ணீர் வந்த ஆண்டில் பொங்கலுக்கு வந்தால் ஆறும் ஓடும், சம்பாவும் கதிர் முற்றி நிற்கும். கல்வெட்டில் படித்த நூறு கலம் நெல் எந்த மண்ணில் விளைந்தது என்பது வேன் ஜன்னலிலேயே விளங்கும்.

அடுத்த விடுமுறைக்குத் திட்டம் போடும்போது பட்டியலில் ஓர் ஊரைக் குறைத்துவிடுங்கள். மிச்சமாகும் நேரத்தைப் பெரிய கோயிலுக்கே கொடுங்கள். பிள்ளைகளைக் கையோடு அழைத்துப்போய் ஒரு யாளியையோ, ஓர் எழுத்தையோ காட்டுங்கள். ஒன்று போதும். அமைதியைத் தேடி ஆளில்லாத ஊருக்குப் போக வேண்டியதில்லை. நம் முன்னோர் அதைக் கூட்டத்தின் பக்கத்திலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள், நின்று பார்ப்பவர் யாருக்கும் அது உரியது.