கோடு குற்றஞ்சாட்டுகிறது, வண்ணம்?

அரசியல் ஓவியம் என்றாலே கறுப்பு மைக்கோடு என்று நம் கண் பழகிப்போயிருக்கிறது. ஆதிமூலத்தின் கோடுகள் வழியாகத்தான் நம்மில் பலர் ஓவியம் பார்க்கவே கற்றுக்கொண்டோம். இதற்குப் பின்னால் அழகியல் மட்டுமா இருக்கிறது? அச்சகமும் இருக்கிறது. லைன் பிளாக்கில் கோடு ஏறும். கரைத்த மையின் அடர்த்தி பேதங்கள் ஏறாது. அதற்கு ஹாஃப்டோன் பிளாக் வேண்டும், கூடுதல் காசு வேண்டும். சிறுபத்திரிகைக்காரன் எங்கே போவான்? ஆனால் இல்லாமையையே கொள்கையாக்கி, ‘கோடு சிந்திக்கும், வண்ணம் மினுக்கும்’ என்று பேசித் திரிகிறோமே, அதைத்தான் கேள்விக்குள்ளாக்க வேண்டியிருக்கிறது.

பெர்லினில் மாலிக் பதிப்பகம் ஜார்ஜ் குரோஸின் ‘எக்கே ஹோமோ’ தொகுப்பை வெளியிட்டது 1923இல். 84 கறுப்பு வெள்ளைத் தாள்கள், 16 வண்ணத் தாள்கள். ஆபாசம் என்று வழக்குப் போட்டு 1924இல் அபராதமும் விதித்தார்கள். முதல் உலகப்போர் முடிந்து, புரட்சி நசுக்கப்பட்டு, பணவீக்கம் ஏழையைத் தின்றுகொண்டிருந்த நகரம் அது. அங்கே கொழுத்தவர்கள் யார் என்பதுதான் தொகுப்பின் விஷயம்.

குரோஸின் கோடு எங்கிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்: கழிப்பறைச் சுவர்க் கிறுக்கல்களிலிருந்து, குழந்தைகளின் படங்களிலிருந்து. மையில் தொட்டுத் தொட்டு வரையும் பேனாவுக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தினால் தடிக்கும், மை தீரத்தீர வறண்டு கீறும், மறுபடி தொட எழுந்தாக வேண்டும். ஆகவே அந்தக் கோட்டில் தயவுதாட்சண்யம் கிடையாது. பிடரி மடிப்பு, மூக்குக் கண்ணாடி, சுருட்டு: ‘இவன்தான், இவனேதான்’ என்று விரல் நீட்டுகிறது. ஒரு வகையில் அது போலீஸ்காரனின் குறிப்பேடு. ஆளைப் பிரித்து நிறுத்துவது அதன் வேலை.

வண்ணத் தாள்களில் என்ன நடக்கிறது? நீரில் கரைத்த பூச்சு கோட்டின் வேலியை மதிப்பதில்லை. ஈரத்தின்மேல் ஈரம் பட்டால் நிறம் தன்பாட்டுக்கு ஊர்ந்து போகும். ஒருவன் கன்னத்துச் சிவப்பு அடுத்தவன் சட்டையில் கசிகிறது, மேசைக்குப் பரவுகிறது, சுவரில் ஏறுகிறது. இவர்களையெல்லாம் இணைப்பது எது என்கிற கேள்வியைக் கோட்டால் கேட்க முடியவில்லை; கசிவு கேட்டுவிடுகிறது. குற்றம் ஒரு முகத்தில் இல்லை, முகங்களுக்கு நடுவில் புழங்குகிற பணத்தில், இச்சையில், பயத்தில் இருக்கிறது. வண்ணம் இங்கே அலங்காரம் என்று இனியும் சொல்ல முடியுமா?

இத்தோடு நிறுத்திக்கொண்டால் குரோஸுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசித்ததாகிவிடும். பூச்சு ஊடுருவித் தெரியும் தன்மை கொண்டது. ஆடைமேல் தடவினால் ஆடைக்குள் உடல் தெரியும். தொந்தி பெருத்த வியாபாரிக்கு இதைச் செய்யும்போது அவன் கௌரவம் கழன்று விழுகிறது. பெண்ணுக்குச் செய்யும்போது கழன்று விழுவது எது? அவளுக்குக் கழற்ற கௌரவத்தை இந்தச் சமூகம் எப்போது கொடுத்தது? வாங்குகிறவனைக் கோடு தோலுரிக்கிறது, சரி. அவன் பார்க்கிற உடலை இளஞ்சிவப்பில் குழைத்து நமக்கும் ஒரு நாற்காலி போட்டுக்கொடுக்கிறது வண்ணம். பார்வையாளன் வாடிக்கையாளன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறான். நீதிமன்றத்தின் ஒழுக்கவாதம் ஒருபோதும் எழுப்பாத கேள்வி இது. நாம் எழுப்பியாக வேண்டும். ‘அவர் அம்பலப்படுத்தத்தானே வரைந்தார்’ என்று நோக்கத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது. நோக்கம் ஓவியருடையது, கண்ணுக்குக் கிடைக்கிற சுகம் தாளில் அப்படியே இருக்கிறது.

ஆக, கோடு யோக்கியம், வண்ணம் மோசம் என்ற பழைய தராசு உதவாது. எதிர்முனைக்கு ஓடி வண்ணத்தைக் கொண்டாடினாலும் கதை முடிந்துவிடாது. கசிவு உறவுகளைக் காட்டுகிறது. அதே கசிவில் நாமும் நனைகிறோம்.

இன்று காசு ஒரு தடை இல்லை. கணினியில் ஆயிரம் நிறம். ஆனாலும் நம் போராட்டச் சுவரொட்டிகள் பலவற்றில் நிறம் கோட்டுக்குள் அடங்கி ஒடுங்கி நிற்கிறது. வில்லன் ஒருத்தன், அவன் எல்லை இவ்வளவு, நாம் வெளியே பத்திரமாக. சாதியும் மூலதனமும் அப்படி வரம்புக்குள்ளேயா இயங்குகின்றன? படம் போடுகிற தோழர்கள் கொஞ்சம் தண்ணீர் கலந்து பார்க்கட்டும். கறை நம் கையிலும் படும். படட்டுமே.