இமாம் கேட்ட கேள்வி

ஆயுதக் கூட்டங்களுக்கும் இஸ்லாத்துக்கும் என்ன உறவு? 'சம்பந்தமே இல்லை' என்பார் ஒரு சாரார். 'அதுதான் இது' என்பார் மறு சாரார். இரண்டும் யோசிக்கும் சிரமத்தை மிச்சப்படுத்தும் பதில்கள். அப்தர்ரஹ்மான் சிஸாக்கோ 2014-இல் எடுத்த 'டிம்பக்டு' என்ற படம் இரண்டையும் ஏற்கவில்லை.

2012-இல் மாலி நாட்டின் டிம்பக்டு நகரத்தை அன்ஸார் தீன் முதலிய கூட்டத்தார் பிடித்துக் கொண்டார்கள். 'மார்க்கத்தின் உதவியாளர்' என்பது அந்தப் பெயரின் பொருள். உதவ வந்தவர்கள், அவ்வூர் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்த இறைநேசர்களின் அடக்கஸ்தலங்களை இடித்தார்கள். இடித்தவர்களும் தொழுகிறவர்கள், பார்த்து மனம் உடைந்தவர்களும் தொழுகிறவர்கள்.

படத்தில், துப்பாக்கியும் செருப்புமாகப் பள்ளிவாசலுக்குள் நுழைகிறவர்களைத் தடுப்பவர் அந்தப் பள்ளியின் இமாம்தான். ஒரு பெண்ணைப் பலவந்தமாக மணமுடித்தபோது நியாயம் கேட்பவரும் அவரே. ஜிஹாத் என்ற சொல் இரு தரப்பிலும் வருகிறது. அவர்களுக்கு அது பிறர் மீது தொடுக்கும் போர். இவருக்குத் தம்மோடு தாமே நடத்தும் போர்.

புகைக்கக் கூடாதென்று சட்டம் போட்ட கூட்டத்தின் தலைவன் ஒருவன் மணல்மேட்டில் ஒளிந்து சிகரெட் பிடிக்கிறான். கொடியவர்களை இப்படிச் சாதாரண மனிதர்களாகக் காட்டலாமா என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு சமாதானமாயிற்று. அரக்கனிடம் யார் கணக்குக் கேட்பது? மனிதனிடம் கேட்கலாம். அடக்கஸ்தலங்களை இடிக்க முன்னின்ற ஒருவருக்கு 2016-இல் ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 9 ஆண்டுச் சிறை விதித்தது. குற்றத்தை அவரே ஒப்புக் கொண்டார்.

எனக்கு ஒரு குறை உண்டு: இமாம் வரும் காட்சிகள் மிகச் சில. ஆனால் கையில் ஆயுதமில்லாதவர் அன்று அந்த ஊரில் அவ்வளவுதான் பேச முடிந்தது போலும்.